சுவரைவிட மூன்றரை டிகிரி

நத்தை தரையில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, நொடிக்கு ஒரு சாண் வீதம் முன்னே நகர்ந்துகொண்டிருந்தார். பதினொரு மீட்டர் நீளமான அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. சுவர்கள் சாம்பல் நிறம். தரையில் வெள்ளைப் பெயின்டால் ஆறு கோடுகள். எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, சோப்புப் பெட்டி அளவில் ஒரு மோஷன் சென்சார் பொருத்தப்பட்டிருந்தது. பூட்டிய வீட்டுக்குள் யாராவது நுழைந்தால் கண்டுபிடித்து அலாரத்தை எழுப்புவது அதன் வேலை. கண்டுபிடித்துவிட்டால் அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும்.

எரியவில்லை.

"அண்ணே, கோடு முடிஞ்சுது. எழுந்திரிங்க" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பென்சிலின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. முடிவுகளைப் பதிவு செய்பவன் அவன். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ, அதனால்தான் பென்சில்.

"பாத்துச்சா?"

"உங்களையா? எங்க பாத்துச்சு. அது பாட்டுக்கு இருக்கு."

பாதுகாப்புக் கருவிகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஆய்வகம் அது. அலாரம், கேமரா, மின்னணுப் பூட்டு எதுவானாலும் அங்கே வந்து அடி வாங்கி, நனைந்து, காய்ந்து, கடைசியில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வாங்கிக்கொண்டு போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியாகும். அலாரம் பொருத்துபவர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆய்வகம் யாருக்கும் வேண்டியது அல்ல, வேண்டாததும் அல்ல. கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் காலண்டரைக்கூட காவலாளி வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மோஷன் சென்சாரைச் சோதிக்க ஒரு மனிதன் வேண்டும். நடந்து, மெதுவாக நடந்து, தவழ்ந்து காட்ட ஒரு ஆள். உயரம் நூற்றறுபது சென்டிமீட்டருக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவே, எடை அறுபது கிலோவுக்கும் எண்பதுக்கும் நடுவே இருக்க வேண்டும். அந்த ஆளாகப் பத்தொன்பது வருடமாக நத்தை இருந்தார். வேகம் ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல் அவர் நடப்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். இப்போது சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருக்கு வேறு பெயர் இல்லை. "நம்மகிட்ட இருக்கற அளவுகோல்லயே பழசு அவர்தான்" என்று மேடம் சொல்வார். ஆய்வகத்தின் தலைவி அவர். திங்கள்தோறும் அளவுகோலை எடை போடுவார்கள். எழுபத்தொன்பதைத் தொட்டால் மேடம் நத்தையின் மனைவிக்கு ஃபோன் செய்து, "கொஞ்சம் குறைச்சுப் போடும்மா" என்பார்.

அந்தச் சென்சாரின் கதை இப்படி முடிந்தது: தவழும் சோதனையில் ஆறு கோட்டில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. மெதுநடையிலும் பாதிக்குப் பாதி. ஒரு நட்சத்திரம். வரைவு அறிக்கை, சென்சாரைத் தயாரித்தவளுக்கு அனுப்பப்பட்டது.

திங்கட்கிழமை காலை அவளே நேரில் வந்துவிட்டாள். எட்டுப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. தம்பியும் அவளும் சேர்ந்து நடத்துவது. நான்கு வருடமாகச் செய்துவந்த ஒரே பொருள் அந்தச் சென்சார். சாலிடரிங் புகை பிடித்த மேல்சட்டையோடு வந்து மேடத்தின் எதிரில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஒரு நட்சத்திரம் போட்டீங்கன்னா நான் பட்டறையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். அதுக்காகக் கூட்டிப் போடுங்கன்னு கேக்கல. ஆனா இது நடக்காத விஷயம். எங்க வீட்டுப் பூனை உள்ள வந்தாக்கூட இது கத்துது."

"பூனைக்குக் கத்தக் கூடாதும்மா. அதுக்குத் தனியா மார்க் குறையும்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "பூனையைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

மேடம் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல்முறையீடு உங்க உரிமை. கடையில ஒரு புதுக் கருவி நாங்களே வாங்குவோம். வேற ஆளை வச்சு நடத்துவோம். நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாக்கலாம், பேசக் கூடாது. புதன்கிழமை. பட்டியல் வெள்ளிக்கிழமை வந்துடும், அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது."

கதவருகே நின்றிருந்த நத்தை இதையெல்லாம் கேட்டார். அந்தப் பெண் வெளியே போகும்போது அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சோதிப்பவரோடு பேசக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மனைவியின் தையல் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். முன்னறைதான் அவளுடைய கடை. பெரியதைச் சின்னதாக்குவது, சின்னதைப் பெரியதாக்குவது, கிழிந்ததைக் கிழியாததாகக் காட்டுவது. தெருவில் பாதிப் பேர் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம்.

"என்னங்க, நத்தை இன்னைக்குக் கூட்டை விட்டு வெளிய வராதா?" என்றாள், மிஷினை நிறுத்தாமல்.

"ஒரு சென்சாரு. கண்ணு முன்னாடி போறேன், மூணு மீட்டர்ல போறேன். அது தூங்குது."

"நீங்க போற வேகத்துக்கு எனக்கே தூக்கம் வரும். அதைக் குத்தம் சொல்லி என்ன பண்றது."

"விளையாடாத. அதைச் செஞ்ச பொண்ணு வந்திருந்தா. பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது. ஒரு நட்சத்திரம்னா அவங்க பட்டறையே போயிடும்."

"கண்ணு சரியில்லாத கருவியைச் செஞ்சா அப்படித்தான்."

"கருவிக்குக் கண்ணே கிடையாது. சூட்டைத்தான் பாக்கும். சுவத்தைவிட நம்ம உடம்பு மூணரை டிகிரியாவது சூடா தெரியணும். சூடான ஒண்ணு குறுக்க நகர்ந்தா அதுக்குப் புரிஞ்சிடும், ஆள்னு."

மிஷின் நின்றது.

"எந்தச் சூடு?" என்றாள். "உடம்புக்குள்ள இருக்கறதா, துணிக்கு மேல தெரியறதா?"

"துணிக்கு மேல தெரியறது."

அவள் வெட்டத் தேவையில்லாத ஒரு நூலை வெட்டினாள். குண்டூசி டப்பாவை மூடினாள். திறந்தாள்.

"பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தர் உள்ள கொஞ்சம் கனமா ஏதாவது போட்டிருந்தா?"

"அதுக்குத்தானே ஸ்வெட்டரே வேண்டாம்னு சொன்னேன்."

"வேண்டாம்னு சொன்னீங்க. எதுக்குன்னு சொன்னீங்களா? யூனிஃபார்ம் அழகு கெட்டுப்போயிடும்னு மேடம் திட்டுவாங்க போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

நத்தை அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சாம்பல் நிற யூனிஃபார்மை எடுத்து உள்பக்கமாகப் புரட்டினார். மார்பிலிருந்து முழங்கால் வரை முன்பக்கம் முழுவதும் மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்த உள்துணி. யாரோ கைநீளம் குறைக்கக் கொடுத்த குளிர்கோட்டில் மிஞ்சியது. வெளியே ஒரு தையல்கூடத் தெரியவில்லை. அந்த நிலையிலும் அவர் அதைக் கவனித்தார்.

"எப்போ?"

"முழங்கால் கிழிஞ்சுதுன்னு கொண்டு வந்தீங்களே, அன்னைக்கு. அந்த வாரம் முழுக்க இருமினீங்க. ஐஸ் மாதிரி தரையில நாள் பூரா படுத்துப் புரண்டுட்டு வந்து இருமினா யாருக்குங்க தாங்கும்? சொன்னா போட மாட்டீங்க. அதான் சொல்லல."

"மூணு வாரம் ஆச்சு."

"ஆமா. இருமல் நின்னு மூணு வாரம் ஆச்சு."

நத்தை மறுபடி உட்கார்ந்தார். "நான் ஏசியைச் சரி பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். ஏசி மெக்கானிக்கைத் தேடிப் போயி, கையைப் பிடிச்சு நன்றி சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"பரவாயில்ல சார், என் கடமைதானேன்னாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பட்டறைப் பெண்ணின் நினைவு வந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

"கொண்டாங்க, அரை மணி நேரத்துல பிரிச்சுடறேன்" என்றாள். "யாருக்குத் தெரியப்போகுது. வேற ஆளு நடந்தா தன்னால சரியாயிடும்."

"பிரிக்காத. அப்படியே வேணும். மேடம் அளக்கணும்."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"தெரியல."

அவள் யூனிஃபார்மை வாங்கி, வழக்கம்போல் இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள்.

செவ்வாய் காலை நத்தை அதை உடுத்திக்கொண்டு வெப்பமானியின் முன்னால் நின்றார். நெற்றி சரி. கை சரி. மார்பு, சுவரைவிட ஒன்றே முக்கால் டிகிரிதான் கூட. பென்சில் இரண்டாம் முறை அளந்தான். அதே ஒன்றே முக்கால். நத்தை பித்தான்களைக் கழற்றி உள்துணியைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். ஏசி மெக்கானிக்கை மட்டும் விட்டுவிட்டார்.

பென்சில் துணியைத் தடவிப் பார்த்தான். "அண்ணி கைவேலை மட்டும் வெளிய தெரிஞ்சுது, ஊர்ல இருக்கற திருடன் பூரா அளவு குடுக்க வந்துடுவான்."

"அதுல சிரிக்க ஒண்ணுமில்ல" என்றார் மேடம். "குளிர்காலத்துத் திருடன் கோட்டு போட்டுட்டுதான் வருவான். அதுக்குன்னு நாம ஒரு சோதனையே வைக்கல. குறிச்சு வை." பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "நெத்தியையும் கையையும் தினமும் அளக்கறோம். மார்பை மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு விதி எழுதினது யாரு? நான்தான். அதே ஆளு, அதே துணி, எதுக்குத் தினமும்னு. அந்தத் தேதியில இருந்து சோதிச்சது எல்லாம் செல்லாது."

"இன்னொரு கம்பெனி சென்சாரும் இருக்கு மேடம். அது நாலு நட்சத்திரம் வாங்கியிருக்கு. அவங்க குறையே சொல்லல" என்றான் பென்சில்.

"குறை சொன்னாதான் தப்பா? அதையும் திரும்பப் பண்ணணும். பட்டியல்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு குறிப்பும் போடணும்."

நத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் கவனிச்சிருக்கணும் மேடம்."

"ஆமா, கவனிச்சிருக்கணும்" என்றார் மேடம். "ஆனா நேத்து ராத்திரியே பிரிச்சுப் போட்டிருக்கலாம். போடல. போய் வேலையைப் பாருங்க."

வேலை என்ற சொல்லைக் கேட்டதும்தான் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

மறுநாளைக்கு ஆள் யார் என்பது அடுத்த கேள்வி. நத்தை நடந்த முடிவை எதிர்த்துத்தான் மேல்முறையீடு. அதனால் அவர் நடக்க முடியாது. வழக்கமாக இதற்கு வரும் இரண்டாம் ஆள் பிரசவ விடுப்பில் இருந்தாள். மேடம் நூற்றைம்பது சென்டிமீட்டர். காவலாளி நூற்றெண்பத்தைந்து. பென்சிலை யாரும் பார்க்கவேயில்லை. அவனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். மேடம் ஃபோனை எடுத்தார்.

"உன் உயரம் என்னம்மா? ... எடை? ... அந்தப் பட்டறைப் பொண்ணு உனக்குச் சொந்தமா, பழக்கமா? ... அப்போ நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்துடு. தைச்சு மாட்டிவிட்டது நீ, வந்து தவழ்ந்துட்டுப் போ."

அன்று மாலை முன்னறையில் தையல் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு நத்தை அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தார். அவளால் முடியவில்லை. நான்கு அடி மெதுவாக வைப்பாள். ஐந்தாவது அடியில் பால் பொங்குவது போலக் கால் தானாக ஓடும்.

"அவசரம் என்ன? போற இடத்துல யாராவது காத்திருக்காங்களா?"

"இப்படி நடந்தா யாரு காத்திருப்பா? நீங்க கடைக்குப் போனா ஏன் பொழுது சாயுதுன்னு இப்பல்ல புரியுது."

"கையை ஆட்டாத. கையிலதான் துணி இல்ல, அதைத்தான் அது முதல்ல பாக்கும். உடம்போட ஒட்டி வச்சுக்கோ."

அவள் கைகளை ஒட்டிக்கொண்டாள். ஒன்பது மணிக்கு ஒருவழியாகக் கதவிலிருந்து ஜன்னல் வரை சரியான வேகத்தில் வந்து சேர்ந்தாள். "கால் வலிக்குதுங்க" என்றாள், வியப்போடு. "மெதுவா போனா இவ்வளவு வலிக்குமா?" அவர் வெந்நீர் வைக்கப் போனார்.

புதன்கிழமை. உள்துணி இல்லாத மாற்று யூனிஃபார்மில் நத்தையின் மனைவி. மார்பை அளந்தார்கள்: நான்கேகால். கண்ணாடிக்குப் பின்னால் பட்டறைப் பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நத்தை அவளிடமிருந்து எட்டி, சுவரோரமாக நின்றார்.

நடை: ஆறு கோட்டிலும் விளக்கு எரிந்தது. மெதுநடை: ஐந்து. கடைசியில் தவழ்தல். ஆறில் நான்கு எரிந்தால் மூன்றாம் நட்சத்திரம். மூன்று என்றால் இரண்டாம் நட்சத்திரத்தோடு முடிந்தது.

முதல் மூன்று கோடுகள் சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பவை. மூன்றிலும் எரிந்தது. நான்காவது கோடு சுவரோரம், தூரம். அவள் பாதி தூரம் போய்விட்டாள். விளக்கு இருட்டாகவே இருந்தது. முக்கால் தூரம். அப்போது முழங்கையை மாற்றி ஊன்றுகிற சாக்கில் அவளுடைய வலது கை ஒரு சாண் மேலே எழும்பி இறங்கியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பட்டறைப் பெண் மூச்சை இழுத்தது ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. பென்சில் பேனாவை எடுத்தான். நத்தைக்கு அந்தக் கை தெரியும். துணி அளக்கும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு விரல் கூட விட்டு அளக்கும் கை அது. அவர் வாயைத் திறப்பதற்குள் தரையிலிருந்து அவள் குரல் வந்தது.

"தம்பி, எழுதாதீங்க. அது நான் கையை ஆட்டினது."

"தெரியாம பட்டதா அண்ணி?"

"தெரிஞ்சுதான். மறுபடி வர்றேன்."

மேடம் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி, "நாலாவது கோடு, மறுபடி" என்றார்.

மறுபடி போனாள். கை உடம்போடு ஒட்டியிருந்தது. கோடு முடியும்வரை விளக்கு எரியவில்லை. பட்டறைப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது கோடு. அதிலும் எரியவில்லை. பென்சில் இரண்டு பெருக்கல் குறிகளைப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் வைத்திருந்தான்.

ஆறாவது கோட்டின் தொடக்கத்தில் அவள் நெற்றியைத் தரையில் வைத்து ஒரு நிமிடம் கிடந்தாள். களைப்பா, வேறேதுமா என்று தெரியவில்லை. பிறகு நகர ஆரம்பித்தாள். இடது முழங்கை, வலது முழங்கை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சோப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நத்தை ஒருவர்தான் அவளைப் பார்த்தார். தோள் ஏறவில்லை. முதுகு தூக்கவில்லை. நொடிக்கு ஒரு சாண், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவரே போயிருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்.

பாதியைத் தாண்டி இரண்டு சாண் போனதும் அவர் முகத்தில் லேசாகச் சிவப்பு பட்டது.

"எரியுது" என்றான் பென்சில், தன்னிடமே.

பட்டறைப் பெண் எழுந்து நின்றாள். பேசக் கூடாது என்பதால் கண்ணாடியில் கையை மட்டும் வைத்துக்கொண்டாள். விளக்கு எரிந்துவிட்டாலும் கோடு முடியும்வரை போக வேண்டும் என்பது விதி. கீழே கிடந்தவளுக்கு விளக்கு தெரிந்ததோ இல்லையோ, அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தாள்.

மனைவி முடித்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு வெளியே வந்தபோது பட்டறைப் பெண்ணை மறுவாசல் வழியாக அனுப்பியிருந்தார்கள். அதுவும் விதிதான்.

"எத்தனைங்க?" என்றாள்.

"நாலு. மூணு நட்சத்திரம்" என்றார் நத்தை.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும் மேடம்" என்றாள் மனைவி.

"பட்டியல் வந்த பிறகு பேசலாம். வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கே போயிட்டு வர்றேன். மன்னிப்பு கேக்கறதை ஃபோன்ல கேக்க முடியாது." கணவரின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வரணும்."

"நான் எப்படி வர்றது? அவங்க அடுத்த கருவியைச் சோதிக்கப் போறவன் நான். பழக்கம் ஆகக் கூடாது."

"அப்போ தெருமுனையில நில்லுங்க. உங்களுக்கு அது போதும், கிளம்பி நீங்க அங்க வந்து சேர்றதுக்குள்ள நான் பேசி முடிச்சுடுவேன்."

பென்சில் குனிந்து தாளில் எதையோ எழுதுவதுபோல் இருந்தான். மேடம் வெப்பமானியை எடுத்து உறையில் போட்டார். நத்தை மனைவியின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் உராய்ந்து சிவந்திருந்தது. "எரியுதா?" என்றார்.

"கொஞ்சம்" என்றாள் அவள்.